சிறு எஞ்சின்களில் எண்ணெய்க் குறைவும் அதனை அறிவிக்கும் கருவியும்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் மதிலால் இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ள பூமி பெரும்பாலும் பாறைப்பாங்கானது. சங்கராபரணி ஆறு மழைக்காலத்தில் பெருகி ஓடிப் பின்னர் வற்றிவிடும் இயல்புடையது. ஆகையால் இவ்வட்டாரத்துக் குடியானவர்கள் ஏரிகளையும், பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகளையும் நம்பியே நெல், கரும்பு, மணிலாக்கொட்டை முதலிய பயிர்களைச் செய்து வருகின்றனர். கிணற்று ஜலத்தை மேலேற்றும் வேலை முற்காலத்தில் மாடுகளுக்கும் கவலை ஏற்றத்துக்கும் உரியதாக இருந்தது.

கவலை ஓட்டிய காலத்தில், உருளையின் அச்சு காய்ந்துபோனால் அது கிறீச்சிட்டுக் கத்தும். அச்சத்தம் கேட்டதும் ஓட்டுபவர் மாடுகளை நிறுத்தி, அச்சுக்குச் சிறிது எண்ணெய் விடுவார். மை இல்லாத வண்டிச் சக்கரமும் அவ்வாறே தன் குறையைத் தானே ஊருக்கு அறிவித்துவிடும். எஞ்சினின் நிலைமை வேறு. அதன் உள்ளே எண்ணெய் குறையும்போது வெளியே யாதொரு சத்தமும் கேட்பதில்லை. எஞ்சினின் இரைச்சலில் சிறிய சத்தங்கள் யாவும் அமுங்கிவிடும். சத்தம் வேறுபட்டு ஓட்டுபவர் காதில் விழும்போது பெரும்பாலும் சேதம் நேர்ந்து முடிந்திருக்கும். இக்குறையைப் போக்கவே எண்ணெய்க் குறைவை அறிந்து எஞ்சினைத் தானே நிறுத்தும் கருவி ஏற்பட்டது. கடைகளிலும் பணிமனைகளிலும் இதனை ஆயில் சென்சார் என்பர்.

எஞ்சின் வந்த விதம்

20-ஆம் நூற்றாண்டின் துவக்கத்தில் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின்களைக் கொண்டு பாசனத்துக்கு நீர் இறைக்கும் முறையைப் பரவச் செய்தவர்களுள் ஆல்பிரட் சாட்டர்டன் முதன்மையானவர். அக்காலத்து எஞ்சின்கள் கனத்த உருவமும் மெதுவான சுழற்சியும் உடையவை. அவற்றில் பலவற்றுக்குக் கண்ணாடிக் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கும். எஞ்சினைக் காப்பவர் அருகிலேயே இருந்து அச்சொட்டுக்களைக் கண்ணால் பார்த்துக்கொள்வார். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தவரை வேறு காவல் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னர், கிணற்றடியில் நிலையாக நின்ற எஞ்சின்கள் பலவும் மின்மோட்டாருக்கு இடம் விட்டன. ஆயினும் எஞ்சின் மறைந்துவிடவில்லை. மின் இணைப்பு இல்லாத கிணற்றுக்கும், ஏரிக்கால்வாயிலிருந்து மேட்டு நிலத்துக்கு நீர் ஏற்றவும் தூக்கிச் செல்லத்தக்க சிறு பம்புகள் உதவுகின்றன. களையெடுக்கும் பவர் வீடர், சேற்றுழவு செய்யும் பவர் டில்லர், மின்தடையின்போது உதவும் ஜெனரேட்டர் ஆகியவற்றிலும் எஞ்சினே உள்ளது. இப்புதிய எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை; வேகத்தில் மிகுந்தவை; எண்ணெய் முழுவதும் மூடிய பெட்டிக்குள் இருப்பது. எனவே கண்ணால் காணும் காவல் இவற்றில் இல்லை.

எண்ணெய் செய்யும் வேலை

எண்ணெய் வழுவழுப்பானது, ஆகையால் தேய்மானத்தைக் குறைக்கிறது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இது உண்மையில் ஒரு பகுதியே. 1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் போஷாம் டவர் என்னும் பொறியியலார், ரயில் வண்டியின் அச்சைத் தாங்கும் உறுப்பை எண்ணெயில் நனைத்து ஓட்டிச் சோதனை செய்தார். அதன் தலையில் துளையிட்டபோது எண்ணெய் மேலே பொங்கிவந்தது. துளையை மரத்தக்கையால் அடைத்தார். தக்கையும் வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சானது எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று ஆப்பைப் போல இடுக்கில் செலுத்துகிறது என்பதும், அதனால் எழும் அமுக்கமே பாரம் முழுவதையும் தாங்குகிறது என்பதும் இதனால் விளங்கின. 1886-ஆம் ஆண்டில் ஆஸ்பர்ன் ரெயினால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

அஃதாவது, நன்றாக ஓடும் எஞ்சினில் உலோகம் உலோகத்தின்மீது உராய்வதே இல்லை. இரண்டுக்கும் இடையில் தலைமயிரின் பருமனைக் காட்டிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்று பாரத்தைச் சுமக்கிறது. இதுவன்றி, உள்ளே எழும் உஷ்ணத்தில் ஒரு பங்கை எண்ணெய் எடுத்துச் செல்கிறது, தேய்ந்த துகள்களையும் கரியையும் தன்னுடன் கொண்டுபோகிறது, பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கிறது, துருப்பிடிக்காமலும் காக்கிறது.

பெரிய எஞ்சின்களில் எண்ணெயை அமுக்கத்துடன் செலுத்தத் தனிப் பம்பு உண்டு. காற்றினால் குளிரும் சிறு எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி போன்ற ஒரு சிறு நீட்டம் உண்டு. அது ஒவ்வொரு சுற்றிலும் அடிப்பெட்டியில் உள்ள எண்ணெயில் தோய்ந்து, அதனை வாரி எங்கும் தெளிக்கிறது. நிமிஷத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில் இவ்வாறு வினாடிக்கு 50 முறை தெளிப்பு நடைபெறும். எண்ணெய் மட்டம் அக்கரண்டிக்கு எட்டாமல் தாழ்ந்துவிட்டால் தெளிப்பு நின்றுபோகும். ஆகையால் இவ்வெஞ்சின்களில் எண்ணெய் சிறிது இருப்பதும் அறவே இல்லாதிருப்பதும் ஏறக்குறைய ஒன்றேயாகும்.

எண்ணெய் குறைந்தால் நேர்வது

சிறு எஞ்சின் கொள்ளும் எண்ணெய் மிகக் குறைவு. 163 கன சென்டிமீட்டர் அளவுள்ள ஹோண்டா ஜி.எக்ஸ். 160 எஞ்சின் சுமார் 600 மில்லிலிட்டரே கொள்ளும். இதில் 200 மில்லிலிட்டர் குறைந்தாலும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று என்று பொருள். வளையங்கள் தேய்ந்து எண்ணெய் எரிந்துபோவதாலும், சீல் அல்லது வடிகுழாய்த் திருகின் வழியே கசிவதாலும் இது நேரும். புதிய எஞ்சின்கள் பெரும்பாலும் எண்ணெய் ஊற்றப்படாமலே கடைக்கு வருவதால், வாங்கிய அன்றே வெறும் பெட்டியுடன் ஓட்டிக் கெடுப்பதும் உண்டு.

படலம் அறுந்ததும் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. உராய்வு உஷ்ணத்தை உண்டாக்குகிறது. உஷ்ணத்தால் எஞ்சியுள்ள எண்ணெய் நீர்த்துவிடுகிறது. நீர்த்த எண்ணெய் படலமாக நில்லாமல் உராய்வை மேலும் மிகுதிப்படுத்துகிறது. சிறு எஞ்சின்கள் பலவற்றில் கனெக்டிங் ராடு அலுமினியக் கலவையால் ஆகி, எஃகினாலான கிராங்கின்மீது நேராகவே சுழல்கிறது. அலுமினியம் 660 டிகிரி உஷ்ணத்தில் உருகுவது. தொடும் இடங்களில் அது இளகி எஃகின்மேல் அப்பிக்கொள்ளும். அலுமினியப் பிஸ்டனும் உஷ்ணத்தால் விரிந்து சிலிண்டரில் இறுகிக் கீறல்களை உண்டாக்கும். முடிவில் எஞ்சின் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அல்லது ராடு முறிந்து, பெட்டியையே உடைத்துக்கொண்டு வெளிவரும். முதலாவது சேதத்துக்குச் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குதலும் புதிய உறுப்புக்களும் வேண்டும். இரண்டாவது நேர்ந்தால் அவ்வெஞ்சின் பழைய இரும்புக்கே உதவும்.

நஷ்டம் எஞ்சினோடு நிற்பதுமில்லை. இறவை மணிலாவில் பூத்து விழுது இறங்கும் பருவத்தில் பம்பு நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். உறுப்புக்கள் விழுப்புரத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து, பணிமனையில் வேலை முடியப் பல நாட்கள் ஆகும். அதற்குள் மேல்மண் காய்ந்து இறுகிவிடும். இறுகிய மண்ணில் விழுது இறங்காது; இறங்காத விழுது காயாகாது. பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் போன பருவம் திரும்புவதில்லை. செஞ்சி விற்பனைக்கூடத்துக்குச் செல்லும் மூட்டைகளில் அக்குறை தெரியவரும்.

கருவியின் அமைப்பு

எண்ணெய்க் குறைவு அறியும் கருவி மிகவும் எளிய அமைப்புடையது. எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் ஒரு மிதவை வைக்கப்பட்டுள்ளது. தூண்டிலின் தக்கை நீரில் மிதப்பதைப் போல இது எண்ணெயில் மிதக்கிறது. ஒரு வகையில் மிதவையினுள் வளையமான காந்தம் உண்டு. மிதவை ஏறி இறங்கும் தண்டின் உள்ளே ரீட் சுவிட்சு உண்டு. இச்சுவிட்சை 1936-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த வால்ட்டர் எல்வுட் அமைத்தார். கண்ணாடிக் குழலுக்குள் அடைத்த இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகளே அது. காந்தம் அருகில் வந்தால் தகடுகள் ஒன்றையொன்று தொடும், விலகினால் பிரியும். எண்ணெயின் அலைவினால் மிதவை வீணே ஆடாதிருக்க, சிறு துளைகளுள்ள உறையொன்று அதனைச் சூழ்ந்திருக்கும்.

எண்ணெய் போதிய அளவு இருக்கையில் மிதவை மேலே நிற்கும், சுவிட்சு பிரிந்திருக்கும், எஞ்சின் வழக்கம்போல் ஓடும். எண்ணெய் தாழ்ந்தால் மிதவையும் தாழ்ந்து சுவிட்சை இணைக்கும். இணைந்ததும், ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரவேண்டிய மின்சாரம் எஞ்சினின் உடலுக்குள்ளேயே இறங்கிவிடும். பொறி இல்லாமல் பெட்ரோல் எரியாது; எஞ்சின் நின்றுவிடும். எஞ்சினை நிறுத்தக் கையால் திருப்பும் சுவிட்சு செய்வதும் இதே வேலைதான். இதற்குத் தனியே பேட்டரி வேண்டுவதில்லை. பறவைச் சக்கரத்தின் காந்தத்தால் உண்டாகும் மின்சாரமே போதும். ஹோண்டா நிறுவனத்தின் ஜி.எக்ஸ். வரிசை எஞ்சின்கள் பலவற்றில் இது ஆயில் அலர்ட் என்னும் பெயரால் அமைந்துள்ளது. சிலவற்றில் எண்ணெய் குறைந்த நிலையில் கயிற்றை இழுத்தால் ஒரு சிறு விளக்கும் மின்னும்.

டீசல் எஞ்சினுக்கு இம்முறை பொருந்தாது. அதில் பொறியே இல்லை. அமுக்கத்தின் உஷ்ணத்தால் டீசல் தானே பற்றுகிறது. ஆகையால் அதனை நிறுத்த வேண்டுமாயின் டீசல் வருவதையே தடுத்தல் வேண்டும். எண்ணெய்ப் பம்பு உள்ள டீசல் எஞ்சின்கள் சிலவற்றில், எண்ணெயின் அமுக்கம் குறைந்ததும் அதனை அறிந்து டீசலை அடைக்கும் அமைப்பு உண்டு. கையால் சுழற்றித் துவக்கும் பழைய டீசல் பம்புசெட்டுகளில் பெரும்பாலும் எவ்வகைக் கருவியும் இராது. அவற்றுக்கு அளவுக் குச்சியும் ஓட்டுபவரின் கவனமுமே காவல்.

கருவி அறியாதவை

ராஜகிரியின் உச்சியை அடையுமுன் சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பாறைப் பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் இட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் பகைவர் மேலேற இயலாது. ஆயினும் 1690 முதல் 1698 வரை நீண்ட முற்றுகை போன்ற காலங்களில், உள்ளே தானியமும் நீரும் இல்லாவிடில் பாலம் மட்டும் கோட்டையைக் காத்திராது. எண்ணெய்க் கருவியும் அப்பாலத்தைப் போன்றதே. அது வழியை அடைக்கும், எண்ணெயை ஊற்றாது. அதனால் அறிய இயலாதவையும் சில உண்டு.

முதலாவது, அது எண்ணெயின் மட்டத்தை மட்டுமே அறியும், தரத்தை அறியாது. கரிபடிந்து சாரமற்றுப்போன எண்ணெயும் மிதவையைத் தாங்கும்.

இரண்டாவது, பெட்ரோலில் துவக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களில் இது ஏமாறக்கூடும். எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயோடு கலக்கும். அப்போது மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறும். எண்ணெயோ தண்ணீர்போல் நீர்த்துவிடும். மிதவை உயர்ந்தே நிற்பதால் கருவி யாதொன்றும் செய்யாது. குச்சியில் எண்ணெய் முன்னிலும் ஏறியிருந்தாலோ, மண்ணெண்ணெய் வாடை வீசினாலோ அதனை லாபமென்று எண்ணலாகாது. உடனே முழுவதும் மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின் சாய்ந்து நின்றால் மட்டம் ஒருபுறம் ஏறி மறுபுறம் தாழும். கருவி இருக்கும் பக்கத்துக்கு ஏற்ப, எண்ணெய் இருந்தும் எஞ்சின் நிற்கலாம். எண்ணெய் குறைந்தும் ஓடலாம். மேற்சொன்ன ஜி.எக்ஸ். 160 எஞ்சினை 20 பாகைக்கு மேல் சாய்த்து ஓட்டலாகாது. குலுங்கி ஓடும் யந்திரங்களில் வீணான நிறுத்தம் நேரும் என்று கருதி, பவர் வீடர் போன்றவை சிலவற்றில் இக்கருவியை வைப்பதே இல்லை. எனவே வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும்.

நான்காவது, உஷ்ணத்தை இது அறியாது. மணிலா உடைக்கும் இடத்துத் தூசியும் சருகும் சிலிண்டரின் விசிறிமடிப்புக்களில் அடைந்தால், எண்ணெய் நிறைந்திருந்தும் எஞ்சின் சூடேறிக் கெடும்.

ஐந்தாவது, தோளில் சுமக்கும் தெளிப்பான் போன்றவற்றில் உள்ள டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு அடிப்பெட்டி எண்ணெயே கிடையாது. அவற்றில் எண்ணெயைப் பெட்ரோலோடு குறித்த அளவில் கலந்தே ஊற்றவேண்டும். கலக்க மறந்தால் எச்சரிக்கக் கருவி இல்லை.

கம்பியைத் துண்டித்தல் கூடாது

இக்கருவியைப் பற்றிய பெருங்குறை கருவியிலன்று. அதனைக் கையாளும் முறையிலேயே உள்ளது. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென நிற்கிறது. கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்புவதில்லை. பெட்ரோல் இருக்கிறது; பிளக்கும் சுத்தமாக இருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியும் பயனில்லை. பின்னர் யாரேனும் ஒருவர் அடிப்பெட்டியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றிவிடுகிறார். எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்புகிறது. குற்றம் கருவியினுடையது என்றே அனைவரும் எண்ணுவர். கம்பி அன்று முதல் அப்படியே தொங்கும். உண்மையில் குறைந்திருந்தது எண்ணெய். காவலை நீக்கி ஓட்டிய அவ்வெஞ்சின் சில நாழிகையிலேயே பிடித்துக்கொள்ளக்கூடும்.

ஆகையால் ஒன்றை நினைவில் வைத்தல் அவசியம். எஞ்சின் தானே நின்று மீண்டும் கிளம்பாதபோது, பிளக்கைத் தொடுமுன், கார்புரேட்டரைத் தொடுமுன், முதலில் பார்க்கவேண்டியது அளவுக் குச்சியே. எண்ணெய் சரியான அளவில் இருந்தும், எஞ்சின் சமமாக நின்றும் கிளம்பாவிடில், அப்போதுதான் கருவியின் மீது ஐயங்கொள்ளலாம். பசைபோன்ற கசடு படிந்து மிதவை கீழே ஒட்டிக்கொள்வதும், கம்பியின் மேலுறை தேய்ந்து எஞ்சின் உடலைத் தொடுவதும் உண்டு. இவற்றைப் பணிமனையில் சரிசெய்து கருவியைத் திரும்பவும் இணைத்தல் வேண்டும். கசடு காரணமாக மிதவை மேலேயே ஒட்டிக்கொள்வதும் கூடும். அது இன்னும் அபாயமானது. ஆகவே ஆண்டுக்கொரு முறை, எண்ணெயை வடித்த நிலையில் பொறி நிற்கிறதா, ஊற்றியபின் வருகிறதா என்று தேர்ந்தவரைக் கொண்டு சோதிப்பது நலம்.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. நாள்தோறும் எஞ்சினைத் துவக்குமுன், சமமான தரையில் நிறுத்தி எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும். ஓடி நின்ற எஞ்சினாயின் எண்ணெய் கீழே இறங்கச் சில நிமிஷங்கள் பொறுக்கவும்.

2. குச்சியைத் துடைத்து மீண்டும் இட்டுப் பார்க்கவும். குச்சியைத் திருகி அளப்பதா, திருகாமல் அளப்பதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், கையேட்டின்படி செய்யவும்.

3. புதிய எஞ்சினை எண்ணெய் ஊற்றாமல் துவக்கலாகாது. ஜி.எக்ஸ். 160 எஞ்சினில் முதல் எண்ணெயை 20 மணி நேர ஓட்டத்திலோ முதல் மாதத்திலோ மாற்றவேண்டும். பின்னர் 100 மணிக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். தூசியிலும் கடும் வெயிலிலும் ஓடும் எஞ்சினுக்கு முன்னதாகவே மாற்றுதல் நன்று.

4. எண்ணெயை எஞ்சின் சூடாக இருக்கும்போது வடிக்கவும். கசடும் உடன் இறங்கும். வடித்த எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது.

5. அளவுக்கு மிஞ்சியும் ஊற்றலாகாது. மிகுந்த எண்ணெய் நுரைத்துப் புகையாகும்.

6. மண்ணெண்ணெய் எஞ்சினைச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவும். நிறுத்துமுன் பெட்ரோலுக்குத் திருப்பவும்.

7. பம்பைச் சமமான பலகையிலோ கல்லிலோ அமர்த்தவும். கிணற்று மேட்டின் சரிவில் சாய்த்து வைக்கலாகாது.

8. ஓடிய மணிகளையும் எண்ணெய் மாற்றிய தேதியையும் பம்பு அறையின் சுவரில் கரியால் குறித்து வைத்தாலும் போதும். இரண்டு குறிப்புக்களுக்கு இடையே எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து வளையங்களின் தேய்மானம் முன்னதாகவே தெரியவரும்.

எண்ணெய்க் கருவியுள்ள எஞ்சினை வைத்திருப்பவர், குச்சியைப் பார்ப்பது இனி வேண்டாம் என்று எண்ணுதல் தவறு. மறதி நேர்ந்த ஒருநாளுக்காக ஏற்பட்டதே அக்கருவி. நாள்தோறும் பார்ப்பவருக்கு அது வேலை செய்ய வேண்டிய சந்தர்ப்பமே வாராது. எனினும் எறும்பு மொய்க்கும் விடியற்காலையிலும் விளக்கில்லா இரவிலும் தனியே நின்று நீர் பாய்ச்சும் குடியானவருக்கு, மறந்த ஒரு வேளையில் எஞ்சினையும் பயிரையும் சேர்த்துக் காக்கும் துணை அது. அத்துணையின் கம்பி துண்டிக்கப்படாமல் இருக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்வது ஒவ்வொருவருக்கும் நன்மை பயக்கும்.